சுண்ணாம்புக் காரை முதல் ஜிப்சம் பலகை வரை



ஜூபிலி மலர் என்றால் கோவில் தோன்றிய வரலாறு, பணியாற்றிய குருக்களின் வரிசை, நன்கொடையாளர்களின் பெயர்ப் பட்டியல் ஆகியவை இடம் பெறுவது வழக்கம். அவற்றை எழுத நம்மிலும் தகுதியானவர்கள் இருக்கின்றார்கள். நாம் ஈண்டு எழுத எடுத்துக்கொண்டது சுவரைப் பற்றி. சுவருக்குமா வரலாறு என்று நகைக்க வேண்டாம். நம் பங்கில் வீட்டுக்கு ஒருவர் கரணை பிடித்தவராகவோ, சாந்துச் சட்டி சுமந்தவராகவோ, பட்டாசு அறையின் நான்கு சுவர்களுக்குள் அமர்ந்து பிழைப்பவராகவோ இருக்கின்றார். சுவர் நமக்கு அந்நியமானதன்று.

இதை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஜூபிலி வேலைகளுக்காகக் கூடிய பங்குப் பேரவைக் கூட்டத்தில், நம் கோவிலின் தென்சுவரில் கண்டிருக்கும் வெடிப்புகளைப் பற்றிப் பேச்சு வந்தது. வெளியூர்க் காண்ட்ராக்டர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "பத்தே நாள் போதும், உட்புறம் தகரச் சட்டம் அடித்து ஜிப்சம் பலகை பொருத்திவிட்டால் வெடிப்பும் தெரியாது, ஓதமும் தெரியாது" என்று எஸ்டிமேட் கொடுத்தார். தொகையும் அதிகமில்லை. பலருக்கு அது பிடித்திருந்தது. நாம் மட்டும் "சற்றுப் பொறுப்போம்" என்றோம். ஏன் தயங்கினோம் என்று பின்னர் பலரும் கேட்டீர்கள். கூட்டத்தில் விரித்துச் சொல்ல நேரமில்லாமற் போயிற்று. ஆகையால் இங்கே சொல்லுகிறோம்.

நமது பகுதி கரிசல் பூமி. இம்மண்ணைத் தோண்டினால் பல இடங்களில் சுக்கான்கல் அகப்படும். சிமெண்டு என்ற சொல்லையே அறியாத நம் முன்னோர்கள் அந்தச் சுக்கான்கல்லைத்தான் காளவாசலில் இட்டுச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். மதுரையில் காளவாசல் என்றொரு பஸ் நிறுத்தம் இருப்பதை யாவரும் அறிவீர்கள். அச்சொல் சூளையைக் குறிப்பது என்பதை இன்று எத்தனை பேர் நினைக்கிறோம்?

சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 900 டிகிரி வெப்பத்தில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறி விடுகிறது. மிஞ்சிய சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றினால் சீறிக் கொதித்துப் பொடிந்து நீற்றுச் சுண்ணாம்பாகிறது. அதை மணலோடு சேர்த்து, மாடு இழுக்கும் கல் உருளையின் கீழ் வட்டப் பள்ளத்தில் இட்டு அரைத்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டுப் பக்குவப்படுத்தி, நாட்கணக்கில் புளிக்க வைத்துச் சுவரில் பூசுவார்கள். சுவரில் ஏறிய பிறகு அச்சுண்ணாம்பு, தான் சூளையில் இழந்த அதே வாயுவைக் காற்றிலிருந்து சிறிது சிறிதாகத் திரும்பப் பெற்று, மறுபடியும் கல்லாகிறது. கனத்த சுவராயின் இது நடந்து முடியப் பல ஆண்டுகள் ஆகும். அவசரக்காரனுக்கு ஆகாத வேலை.

இப்படிச் செய்த சுவர்களுக்குச் சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. மதுரைத் திருமலை நாயக்கர் மகால் 1636-ஆம் ஆண்டு கட்டப்பட்டது. கிளிஞ்சல் சுண்ணாம்பையும் முட்டையின் வெள்ளைக் கருவையும் சேர்த்துத் தேய்த்த அதன் சுதை வேலைகள், பல பகுதிகள் இடிந்தும் பிரிக்கப்பட்டும் போன பின்னரும், மிஞ்சிய பகுதியில் இன்றும் கண்ணைப் பறிக்கின்றன. 1866 முதல் 1872 வரை சென்னைக் கவர்னராயிருந்த நேப்பியர் பிரபு அதைப் பழுது பார்க்க முன்வந்திராவிட்டால் அதுவும் மிஞ்சியிருக்காது. மானாமதுரைக்கு அருகே இடைக்காட்டூரில் 1894-இல் வணக்கத்துக்குரிய பெர்டினாண்டு செல் சுவாமிகள், பிரான்சு நாட்டு ரெய்ம்ஸ் பேராலயத்தை முன்மாதிரியாகக் கொண்டு எழுப்பிய திரு இருதய ஆலயத்தை நம் பங்கு மக்கள் பலர் திருயாத்திரையாகச் சென்று கண்டிருக்கிறீர்கள். அச்சு வார்த்த செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு, நம் நாட்டுக் கொத்தனார்களின் கைகளே அந்தக் கோத்திக் கூர்வளைவுகளை நிறுத்தின. வெள்ளைக்காரச் சுவாமியார் படத்தைக் காட்டியிருக்கலாம். சாந்தின் பதம் அறிந்தவர்கள் நம்மவர்களே.

அக்காலத்தில் வேலையை நடத்தியவர் மேஸ்திரி. அவர் குடும்பமும் சொந்தபந்தமும் கூடவே வந்து தங்கி வேலை செய்வார்கள். கூலி நாட்கணக்கு. காண்ட்ராக்டர் என்பவர் தோன்றியது வெள்ளைக்காரர் பொதுப்பணித் துறையை நிறுவிய 1850-களுக்குப் பிறகு பெருகிய வழக்கம் எனலாம். வரைபடம், எஸ்டிமேட், கெடு, அளவுப் புத்தகம் ஆகியவை அதனோடு வந்தன. இத்தொழிலில் தமிழ்நாட்டில் பெயர் பெற்றவர் சென்னை நம்பெருமாள் செட்டியார். 1892-இல் கட்டி முடிந்த சென்னை உயர்நீதிமன்றத்தைக் கட்டியவர் அவரே. கணித மேதை இராமானுஜன் 1920-இல் தமது கடைசி நாட்களைக் கழித்ததும் சேத்துப்பட்டில் இவருக்குச் சொந்தமான வீட்டில்தான் என்பார்கள். உயர்நீதிமன்றத்தின் செங்கல் வேலையை இன்றும் போய்ப் பார்க்கலாம். காண்ட்ராக்டர் என்றாலே குறைவான வேலை என்று நினைப்பவர்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

ஆயினும் காண்ட்ராக்ட் முறையோடு சதுர அடிக் கணக்கு வந்து சேர்ந்தது. பூச்சுக்கு இத்தனை சதுர அடி, அடிக்கு இவ்வளவு ரூபாய். வெடிப்பு ஏன் வந்தது என்று ஒரு மழைக்காலம் முழுவதும் உட்கார்ந்து பார்ப்பதற்குச் சதுர அடிக் கணக்கில் கூலி ஏது? காண்ட்ராக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் எதற்குப் பணம் கொடுக்கிறோமோ அதைத்தான் அவர் செய்வார்.

இனி சிமெண்டுக்கு வருவோம். இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் 1824-இல் போர்ட்லண்டு சிமெண்டுக்கு உரிமை பெற்றார். இந்தியாவில் முதல் முயற்சி 1904-இல் சென்னையில் நடந்து தோல்வியுற்றது. 1914-இல் போர்பந்தரில் அது வெற்றி கண்டது. நம் வட்டாரத்தில் இராஜபாளையம் பி. ஏ. சி. இராமசாமி ராஜா அவர்கள் 1957-இல் தொடங்கிய மெட்ராஸ் சிமெண்ட்ஸ் கம்பெனியின் முதல் ஆலை, துலுக்கப்பட்டி அருகே இராமசாமி ராஜா நகரில் 1961-இல் ஓடத் தொடங்கியது. பந்தல்குடிச் சுண்ணாம்புக்கல் அதற்கு மூலப்பொருள். பிறகு ஆலங்குளத்திலும் அரசாங்கச் சிமெண்டு ஆலை வந்தது. இவ்வாறு, எந்தச் சுண்ணாம்புக்கல்லை நம் பாட்டன்மார் கைவண்டிக் கணக்கில் சுட்டார்களோ, அதே இனக் கல்லை ஆலைகள் டன் கணக்கில் சுட்டு மூட்டையில் கட்டித் தந்தன. சில பத்தாண்டுகளில் காளவாசல்கள் அணைந்தன. சாந்து அரைத்த கல் உருளைகள் ஊருக்கு வெளியே முட்புதரில் கிடந்தன.

நம் தந்தையார் கொத்தனார். நமக்குப் பத்து வயதிருக்கும்போது சிமெண்டு கண்ட்ரோலில் இருந்தது. வீடு கட்டுவோர் தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்துப் பெர்மிட் வாங்கிக் காத்திருக்க வேண்டும். 1982-இல் கட்டுப்பாடு பாதி தளர்ந்து, 1989-இல்தான் முற்றிலும் நீங்கியது. அந்த நாட்களில் பெர்மிட் கிடைத்த பத்து மூட்டைக்காக நாமும் தந்தையாரோடு ஒரு பகல் முழுவதும் வரிசையில் நின்றிருக்கிறோம். சிமெண்டு அவ்வளவு அருமைப்பட்ட பொருளாய் இருந்தபடியால், அது எங்கே பூசப்பட்டாலும் அந்த வீட்டுக்கு ஒரு மதிப்பு. "சிமெண்டு வீடு" என்று பெண் கேட்டு வருவார்கள். சுண்ணாம்பு வீடு ஏழை வீடு என்றாயிற்று. தந்தையார் மாத்திரம் பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டுப் பூச்சுக் கேட்பவர்களிடம், "இதுக்கு அது சேராதுங்க" என்பார். ஏன் என்று விளக்கிச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. நாமும் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

கேட்டிருக்க வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் நாம் இளங்குருவாய்ப் பணியாற்றியபோது, ஒரு கிளைக்கிராமச் சிற்றாலயத்தின் சுவரில் அடியிலிருந்து மூன்றடி உயரம் வரை ஓதம் ஏறிக் காரை உதிர்ந்து கொண்டிருந்தது. திருவிழா நெருங்கியது. பழைய காரையைச் சுரண்டச் சொல்லி, நல்ல சிமெண்டுக் கலவையில் வழுவழுவென்று பூசி, அதன் மேல் எண்ணெய்ப் பெயிண்டும் அடிக்கச் செய்தோம். கூலியைக் குறைக்காமல் கொடுத்தோம் என்று நமக்குப் பெருமை வேறு. அந்த ஆண்டுத் திருவிழாவில் அனைவரும் பாராட்டினார்கள்.

இரண்டு மழைக்காலம் கழிந்தது. ஓதம் சிமெண்டுப் பூச்சைத் தாண்டி ஆறடி உயரத்தில் தலைகாட்டியது. வெண்மையாய் உப்புப் பூத்தது. ஒரு நாள் இரவு, ஒரு கதவின் அகலத்துக்குப் பூச்சு மொத்தமாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே செங்கல் மாவாய் உதிர்ந்தது. மறுநாள் காலையில் அந்தச் சுவரோரம் முப்பது பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்புக்கு உட்கார்ந்திருக்க வேண்டியவர்கள். அதை நினைத்தால் இன்றும் நமக்கு உறக்கம் கலைகிறது. ஊரிலிருந்த வயது முதிர்ந்த கொத்தனார் ஒருவரை வரவழைத்தோம். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், நம்மையும் பார்த்தார்.

"சுவரு மூச்சு விடணும் சாமி. நீங்க அதுக்கு வாயக் கட்டிப்புட்டீங்க."

இதுதான் நம் தந்தையார் சொல்லத் தெரியாமல் சொன்னது. செங்கல்லும் சுண்ணாம்பும் தரையின் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சியதைக் காற்றில் விட்டுவிடும். சிமெண்டும் பெயிண்டும் அந்த வழியை அடைத்துவிட, ஈரம் வெளியேற இடந்தேடி மேலே ஏறுகிறது. கூடவே வரும் உப்பு, பூச்சுக்கும் செங்கல்லுக்கும் இடையில் படிகமாகி இரண்டையும் பிளக்கிறது. அன்றியும் சுண்ணாம்பு சற்று வளைந்து கொடுக்கும், சிமெண்டு வளையாது. சிமெண்டு கெட்ட பொருள் என்று நாம் சொல்லவில்லை. கான்கிரீட்டு இல்லாமல் இன்று பாலமும் இல்லை, அணையும் இல்லை. சுண்ணாம்புச் சுவரின் மீது அதைப் போர்த்தியது நம் குற்றம்.

நம் பகுதியில் சுவரின் பூச்சு உயிர் சம்பந்தப்பட்டது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்று வந்து தொடங்கிய தீப்பெட்டித் தொழிலும், 1940-களில் வேரூன்றிய பட்டாசுத் தொழிலும் இந்த வானம் பார்த்த பூமிக்குச் சோறு போட்டவை. அத்தொழிற்சாலைகளைக் கட்டுவது ஒரு தனிக் கட்டட வேலை. பெரிய மண்டபமாகக் கட்டக்கூடாது. சிறு சிறு அறைகள், ஒன்றுக்கொன்று விதித்த இடைவெளி, வெளிப்புறமாகத் திறக்கும் கதவுகள், அறைக்கு இத்தனை பேர் என்ற வரம்பு ஆகியவற்றைக் காண்ட்ராக்டர்கள் அறிந்திருக்க வேண்டும். வெடிபொருள் விதிகளில் நம் கொத்தனார்கள் கவனிக்கத்தக்க ஒன்று உள்ளது. மருந்து கையாளும் அறையின் உட்புறத்தில் இரும்பு வெளியே தெரியக்கூடாது. சுவரிலிருந்து மணலோ கல்துகளோ உதிர்ந்து மருந்தில் கலக்காதவாறு பூச்சு அமைந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் 1875-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கண்ட இந்த விதி, நம் நாட்டு விதிகளிலும் தொடர்ந்து வருகிறது.

காரணம் எளிது. வீட்டுச் சுவரில் காரை உதிர்ந்தால் விளக்குமாற்றால் பெருக்கித் தள்ளுவோம். பட்டாசு அறையில் உதிர்ந்த ஒரு மணல், மருந்துக் கலவைக்குள் உராய்ந்தால் தீப்பொறி. ஓதமோ அதனினும் வஞ்சகமானது. அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால் தானே சூடேறிப் பற்றிக்கொள்ளக் கூடும். ஆகவேதான், அந்த அறையில் பழுது பார்க்குமுன் மருந்து முழுவதையும் அப்புறப்படுத்தி, அறையை நன்றாகக் கழுவிவிட்ட பிறகே கரணையும் சுத்தியும் உள்ளே போகலாம் என்று விதி சொல்லுகிறது. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் மாண்டதை நாம் மறக்கவில்லை. அது பூச்சினால் நேர்ந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் பட்டாசு அறைக்குப் பூச்சு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள், "கழுவியாச்சா?" என்று கேட்காமல் உள்ளே காலெடுத்து வைக்க வேண்டாம். அவசரம் என்று முதலாளியின் ஆள் சொன்னாலும் வேண்டாம்.

இனி, நம் கோவிலுக்குப் பேசப்பட்ட ஜிப்சம் பலகை. இதுவும் நமக்கு முற்றிலும் புதியதன்று. நம் கோவில் சுரூபங்கள் பலவும் பாரிஸ் சாந்தால் ஆனவை. ஜிப்சம் என்ற கல்லை 150 டிகிரி அளவில் சூடாக்கினால் அதிலுள்ள நீரில் முக்கால் பங்கு போய்ப் பாரிஸ் சாந்து ஆகிறது. தண்ணீர் சேர்த்தால் மீண்டும் இறுகிக் கல்லாகிறது. சிமெண்டு உடனே இறுகிவிடாதிருக்க ஒவ்வொரு மூட்டையிலும் சிறிது ஜிப்சம் சேர்க்கிறார்கள். அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட்டு என்பவர் 1894-இல் இச்சாந்தையும் காகிதத்தையும் அடுக்கிப் பலகை செய்யும் உரிமை பெற்றார். இடைக்காட்டூரில் ஆலயம் எழுந்த அதே ஆண்டு! 1916 அளவில் அது இன்றைய உருவம் பெற்று, போர்க்காலத்தில் ஆள் பஞ்சம் வந்தபோது அந்நாட்டில் ஈரப் பூச்சு வேலையையே அநேகமாக ஒழித்துவிட்டது. ஈரச் சாந்து இல்லாமல் நிற்பதால் அவர்கள் இதை உலர்ந்த சுவர் என்கிறார்கள். இப்போது விருதுநகர், சிவகாசி ஜவுளிக் கடைகளின் மேல்தளங்களிலும் ஆபீஸ் தடுப்புகளிலும் அதைக் காணலாம். 2013-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் கண்ணாடி இழை கலந்த ஜிப்சம் பலகைகளால் மாடிக் கட்டடமே கட்டிக் காட்டியிருக்கிறார்கள்.

இப்பலகைக்கு நற்குணங்கள் உண்டு. எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கல்லோடு கலந்த நீர் ஆதலால், தீப்பிடித்தால் அந்நீர் ஆவியாகி நெருப்பைத் தாமதப்படுத்தும். வேலை விரைவாக முடியும். பழுது பார்ப்பதும் எளிது. நம் பங்கைச் சேர்ந்த வாலிபர் ஒருவர் மதுரையில் இவ்வேலை செய்கிறார். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். சிறு ஓட்டையானால் வலைநாடா ஒட்டிப் பட்டி போதும். பெரிய ஓட்டையானால் சதுரமாக வெட்டி, பின்னால் தாங்கு சட்டம் வைத்து, புதுத் துண்டைத் திருகாணியால் முடுக்கி, இணைப்பில் காகித நாடா ஒட்டி, மூன்று கை பட்டி பார்க்க வேண்டும். ஒவ்வொரு கையும் நன்றாய்க் காய்ந்த பிறகே அடுத்த கை. கடைசியில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

"ஈரம் பட்ட பலகையை என்ன செய்வாய் தம்பி?" என்றோம்.

"வெட்டித் தூரப் போட்டுருவோம் ஃபாதர். முதல்ல தண்ணி எங்கருந்து வருதுன்னு பாக்கணும். அதப் பாக்காம புதுப் பலகை மாட்டினா ஆறு மாசத்துல காகிதம் பூஞ்சை பிடிச்சிரும்" என்றார்.

எண்பது வயதுக் கொத்தனாரும் இருபத்தைந்து வயது வாலிபரும், ஒருவரையொருவர் கண்டறியாதவர்கள், ஒரே பேச்சைப் பேசுகிறார்கள்.

நம் தென்சுவர் வெடித்ததற்குக் கரிசல் மண்ணே காரணம் என்று சந்தேகிக்கிறோம். இம்மண் மழையில் உப்பும். கோடையில் சுருங்கிக் கை நுழையும் அளவு பிளக்கும். அதன் மேல் ஆழமின்றிப் போட்ட அஸ்திவாரமும் கூடவே ஏறி இறங்கும். சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு அதன் கையெழுத்து. ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் இத்தகைய மண்ணுக்கென்றே, ஈரம் மாறாத ஆழத்தில் அடி அகன்று குமிழ்போல் நிற்கும் கான்கிரீட்டுத் தூண் அஸ்திவாரத்தைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். நம் கோவிலைக் கட்டியவர்களுக்கு அது கிடைக்கவில்லை. அசையும் சுவரின் முன் பலகையை நிறுத்தினால் வெடிப்பு நிற்காது. நம் கண்ணுக்குத்தான் தெரியாமற் போகும். இந்தச் சுவரடியில்தான் வயதான தாய்மார்கள் சாய்ந்து உட்காருகிறார்கள்.

ஆகையால் பங்குப் பேரவை இறுதியில் ஒப்புக்கொண்டபடி, தென்சுவர் இந்த ஜூபிலிக்குப் பலகை போர்த்தப்படாமல் அப்படியே நிற்கும். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாதபடி குழாய் வைத்து அப்புறப்படுத்தியாயிற்று. சுவரைச் சுற்றி வெளிப்புறம் சாய்தளம் போடும் வேலையை நம் பங்கைச் சேர்ந்த கொத்தனார்களே ஞாயிறு மாலைகளில் கூலியின்றிச் செய்து வருகிறார்கள். சித்தாள்களாக வந்த தாய்மார்களையும் சேர்த்தே இதைச் சொல்லுகிறோம். இவர்களில் 1994-இல் ஏற்பட்ட கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் இன்னும் பதிவு செய்யாதவர்கள் இருப்பதாக அறிகிறோம். ஞாயிறு பூசைக்குப் பின் பங்களாவுக்கு வந்தால் மனு எழுதித் தர ஆள் உண்டு.

வெடிப்பின் குறுக்கே ஆறு இடங்களில் மெல்லிய கண்ணாடித் துண்டுகளைச் சாந்து வைத்து ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் தேதி குறித்திருக்கிறோம். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். போன ஐப்பசி அடைமழைக்குப் பின் இரண்டு உடைந்தன. சாய்தளம் முடிந்த பகுதியில் உள்ளவை இதுவரை உடையவில்லை. இன்னும் ஒரு கோடையும் ஒரு மழையும் பார்த்துவிட்டு, என்ஜினீயரைக் கலந்து, சுண்ணாம்புச் சாந்திலேயே பூசுவதாக எண்ணம். ஜூபிலித் திருவிழாவுக்கு வருவோர் தென்சுவரில் தோரணம் கட்ட ஆணி அடிக்க வேண்டாமென்றும், பிள்ளைகள் அந்தக் கண்ணாடித் துண்டுகளைத் தொடாதபடி பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றும் அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

பங்குத் தந்தை, ஆமத்தூர்